பழைய ஏடும் புதிய வாசகனும்



ஒருவன் எழுதுகிறான், வேறொருவன் படிக்கிறான். இருவரும் ஒரே காலத்தில், ஒரே வழக்கத்தைக் கைக்கொண்டு வாழ்ந்தால் தொல்லை ஏதும் இல்லை. எழுதியவன் போய் முப்பதாண்டு கழித்துப் படிப்பவன் வந்தால் என்ன ஆகும்? இடையில் எழுத்தின் வடிவம் மாறியிருக்கலாம். நாணயக் கணக்கு மாறியிருக்கலாம். ஊரின் பெயரும் மாவட்டத்தின் எல்லையும் மாறியிருக்கலாம். அப்போதும் எழுதியவன் கருதிய பொருளே படிப்பவனுக்கு விளங்க வேண்டுமானால் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? கணிப்பொறி இயலில் இக்கேள்விக்கென்றே ஒரு துறை உண்டு. அதனை இங்குச் சுருக்கமாகக் காண்போம். எல்லைப்புறத் தமிழராகிய நமக்கு இப்பாடம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதும் போகப்போக விளங்கும்.

கோவையும் படிவமும்

கணிப்பொறியின் நினைவகத்தில் ஒரு தொழிலாளியைப் பற்றிய விவரம் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பெயர் ஓரிடத்தில், எண் ஓரிடத்தில், கூலி ஓரிடத்தில் இருக்கும். அதை வேறொரு பொறிக்கு அனுப்பவோ, கோப்பில் சேமித்து வைக்கவோ வேண்டுமானால், சிதறிய மணிகளைச் சரட்டில் கோப்பதுபோல் ஒரே வரிசையான பைட்டுகளாகக் கோக்க வேண்டும். இதற்கு 'சீரியலைசேஷன்' என்று பெயர். நாம் 'கோவையாக்கம்' என்று சொல்லிக்கொள்வோம்.

எந்த மணிக்குப் பின் எந்த மணி, எது எண், எது எழுத்து என்று முன்கூட்டி வகுத்துக்கொண்ட திட்டத்தை 'ஸ்கீமா' என்பர். அலுவலகங்களில் நாம் நிரப்பும் படிவம் போன்றதே அது. ஆகவே 'படிவம்' என்றும், அதிலுள்ள ஒவ்வோர் இடத்தைக் 'கட்டம்' என்றும் இக்கட்டுரையில் வழங்குவேன்.

படிவம் ஒருநாளும் ஒரே நிலையில் நிற்பதில்லை. இன்று மூன்று கட்டம் போதும். நாளை நான்காவது தேவைப்படும். எனினும் நேற்று நிரப்பிய தாள்கள் இலட்சக்கணக்கில் அலமாரியில் இருக்கின்றன. நேற்றைய படிவத்தையே கையில் வைத்திருக்கும் கிளை அலுவலகங்களும் இருக்கின்றன. எல்லோரையும் ஒரே இரவில் மாற்றிவிட எவராலும் இயலாது. இதுவே நம் பாடத்தின் முடிச்சு.

இருவகைப் பொருத்தம்

இம்முடிச்சை அவிழ்க்கக் கணிப்பொறியாளர் இரண்டு பொருத்தங்களைப் பிரித்துக் கூறுவர். புதிய வாசகன் பழைய ஏட்டைப் படிக்க முடிந்தால் அது பின்னோக்கிய பொருத்தம். பழைய வாசகன் புதிய ஏட்டைப் படிக்க முடிந்தால் அது முன்னோக்கிய பொருத்தம். சொல்லிப் பார்க்க எளிது. ஆனால் இரண்டும் வெவ்வேறு என்பது மனத்தில் பதிய ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். அது நம் தமிழிலேயே இருக்கிறது.

பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு அதன் ஒரு பகுதியை ஆணையாக வெளியிட்டது. ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை ஆகிய பதின்மூன்று எழுத்துகள் அன்று புதுவடிவம் பெற்றன. சுழித்தும் துதிக்கை வைத்தும் எழுதப்பட்டவை, மற்ற எழுத்துகளைப்போலவே துணைக்காலும் இரட்டைச் சுழியும் இட்டு எழுதப்படலாயின.

இனி வாசகரைப் பாருங்கள். பழைய எழுத்தில் பயின்ற பாட்டனார் புதிய ஏட்டை எடுத்தால், 'லை' என்பதைக் கண்டு ஒரு நொடி தயங்குவார். இரட்டைச் சுழியை 'கை', 'மை' ஆகியவற்றில் அவர் முன்பே அறிந்தவராதலால் உடனே பொருத்திப் படித்துவிடுவார். புதிய வடிவம் பழைய உறுப்புகளைக் கொண்டே ஆக்கப்பட்டதனால் முன்னோக்கிய பொருத்தம் கேட்காமலே கிட்டியது. பேரனின் நிலை வேறு. புதிய எழுத்தை மட்டுமே கற்ற அவன் 1960-இல் அச்சான புத்தகத்தைத் திறந்தால், துதிக்கை வைத்த வடிவம் அவனுக்குப் புதிர். ஒருவர் சொல்லித் தந்தாலன்றி விளங்காது. பின்னோக்கிய பொருத்தம் தானாக வருவதில்லை. அதனை யாரேனும் கற்பிக்க வேண்டும். கணிப்பொறிக்கும் இதுவே விதி.

ஒரு கணக்குச் சீட்டு

இப்போது சற்று உள்ளே நுழைந்து பார்ப்போம். கூகுள் நிறுவனம் தன் உள்வேலைக்காக ஆக்கி 2008-இல் உலகுக்கு வெளியிட்ட 'புரோட்டோகால் பஃபர்ஸ்' என்னும் முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஒருநாள் சீட்டு இது: பறித்த கொழுந்து 27 கிலோ, செக்ரோல் எண் 300, பெயர் மாரி.

இம்முறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. கொழுந்து 1, செக்ரோல் 2, பெயர் 3 என்று வைத்துக்கொள்வோம். கோவையில் கட்டத்தின் பெயர் எழுதப்படுவதில்லை, எண்ணே எழுதப்படுகிறது. எண்ணை 8-ஆல் பெருக்கி, அதனுடன் உள்ளிருக்கும் பொருளின் வகையைக் கூட்ட வேண்டும். எண்ணாக இருந்தால் வகை 0. நீளம் சொல்லி எழுதப்படும் எழுத்தாக இருந்தால் வகை 2.

முதற்கட்டத்தின் தலைப்பு 1×8+0, அதாவது 8. அதன்பின் 27. இரண்டாம் கட்டத்தின் தலைப்பு 16. அதன்பின் 300 வர வேண்டும். ஒரு பைட்டில் 255-க்கு மேல் அடங்காது. ஆகையால் ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிட்டுகளில் எண்ணை வைத்து, எட்டாவது பிட்டை 'இன்னும் இருக்கிறது' என்ற அடையாளமாக வைப்பர். 300 என்பது 2×128+44. முதலில் 44-உடன் அடையாளத்துக்காக 128 கூட்டி 172, பிறகு 2. மூன்றாம் கட்டத்தின் தலைப்பு 3×8+2, அதாவது 26. 'மாரி' என்பது ம, துணைக்கால், ர, இகரக் கொக்கி என நான்கு குறிகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 12. எனவே 26, 12, பின்பு அந்தப் பன்னிரண்டு பைட்டுகள்.

கூட்டிப் பாருங்கள், சீட்டு முழுவதும் 19 பைட்டில் முடிந்துவிட்டது. இதையே கட்டங்களின் பெயரோடு 'ஜேசன்' முறையில் எழுதினால், 'கொழுந்து' என்ற சொல் ஒன்றுக்கே 24 பைட் வேண்டும். சிக்கனம் ஒருபுறம் இருக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று.

தோட்டத்தார் அடுத்த ஆண்டு இரண்டு புதிய கட்டங்களைச் சேர்க்கிறார்கள்: 4, மிகைக் கொழுந்து; 5, தோட்டப் பகுதியின் பெயர். தலைமை அலுவலகம் இன்னும் பழைய நிரலையே வைத்திருக்கிறது. அந்நிரல் 32 என்ற தலைப்பைக் காண்கிறது. 32-ஐ 8-ஆல் வகுத்தால் கட்டம் 4, வகை 0. கட்டம் 4 இன்னதென்று அதற்குத் தெரியாது. ஆனால் வகை 0 என்பதால், 128-க்குக் குறைந்த பைட் ஒன்று வரும்வரை படித்துத் தள்ளிவிடலாம் என்று தெரியும். அடுத்து 42, கட்டம் 5, வகை 2. அடுத்த எண் நீளத்தைச் சொல்லும், அவ்வளவையும் தாண்டிவிடலாம். தனக்குத் தெரியாததன் பொருள் தெரியாவிட்டாலும் அதன் நீளம் தெரிகிறது. ஆகவே தெரிந்தது கெடாமல் மிஞ்சுகிறது. முன்னோக்கிய பொருத்தத்தின் இரகசியம் முழுவதும் இவ்வளவே.

எண்ணை மாற்றாதே, இறந்த எண்ணை எழுப்பாதே

மேற்கண்டதிலிருந்து இரண்டு விதிகள் தாமே பிறக்கின்றன. கட்டத்தின் பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், எண்ணை மாற்றலாகாது. கட்டத்தை நீக்கிவிட்டாலும் அதன் எண்ணை வேறொரு கட்டத்துக்குக் கொடுக்கலாகாது. கொடுத்தால் பழைய சீட்டிலுள்ள கிலோவைப் புதிய நிரல் ரூபாயென்று படிக்கும். பிழையென்று கூட அதற்குத் தோன்றாது.

முதல் விதிக்கு நம் பாலக்காட்டு இரயில் நிலையமே சாட்சி. ஆங்கிலத்தில் 'பால்காட்' என்று எழுதிய காலம் மலையேறிவிட்டது; பெயர்ப்பலகை மாறியது; ஆனால் பயணச்சீட்டில் நிலையத்தின் குறி இன்றும் பி.ஜி.டி. என்றே இருக்கிறது. பெயர் மனிதருக்கு; குறி பொறிக்கு.

இரண்டாம் விதிக்கு வாளையாறு வழியே போகும் சரக்கு லாரியின் தாளைப் பாருங்கள். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் சரக்கு சேவை வரியில், வணிகரின் பதிவெண் மாநிலக் குறியோடு தொடங்குகிறது. கேரளம் 32, தமிழ்நாடு 33. பிரிவினைக்கு முந்திய ஆந்திரத்துக்குக் குறி 28. 2014-இல் தெலங்கானா பிரிந்தது. அதன் குறி 36. எஞ்சிய ஆந்திரம் பெயரை வைத்துக்கொண்டது. ஆனால் 28-ஐ வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு 37 என்னும் புதுக்குறி வழங்கப்பட்டது. பழைய தாளில் 28 என்று கண்டால் அது ஒன்றுபட்ட ஆந்திரம் என்பதில் ஐயமே எழாது. நல்ல படிவக்காரன் செய்யும் வேலை இது.

அணாவும் நயா பைசாவும்

கட்டத்தின் எண்ணை மாற்றாமல், அதனுள் இருக்கும் அளவையை மட்டும் மாற்றினால் என்ன? இதற்கு நாட்டளவில் நடந்த சோதனை ஒன்று உண்டு. 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா பதின்ம நாணயத்துக்கு மாறியது. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 தம்பிடி. அன்றுமுதல் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா.

ஓரணா என்பது 6.25 நயா பைசா. கால் நயா பைசாவுக்கு நாணயம் ஏது? கிட்டிய முழு எண்ணாக 6 என்று கொண்டார்கள். ஓரணாவாக நான்கு முறை மாற்றினால் 24. நாலணாவாக ஒருமுறை மாற்றினால் 25. அதே பணந்தான், மாற்றிய வரிசையால் ஒரு நயா பைசா குறைகிறது. அளவையை மாற்றுவோர் மொத்தத்தை வைத்து மாற்ற வேண்டுமா, உதிரியை வைத்து மாற்ற வேண்டுமா என்பதை முன்னரே வகுத்தாக வேண்டும் என்பது இதனால் விளங்கும். கூலிக் கணக்கில் இவ்வொரு பைசா யார் மடியிலிருந்து போகிறது என்று கேட்பதும் கணக்கின் பகுதியே.

அந்நாளில் அரசு செய்த அறிவான செயல் ஒன்றுண்டு. புதுப்பைசாவுக்கு 'நயா' என்ற அடையை இட்டது. பழைய பைசாவும் புதிய பைசாவும் ஒரே சந்தையில் புழங்கிய நாளில் அந்த ஒரு சொல்தான் இரண்டையும் பிரித்துக் காட்டியது. பழையது மறைந்தபின், 1964 ஜூன் 1 முதல் அடையை எடுத்துவிட்டார்கள். கணிப்பொறியாளர் ஏட்டின் தலையில் எழுதும் 'பதிப்பெண்' என்பது இந்த 'நயா' அன்றி வேறில்லை.

மக்களோ 25 பைசாவை 'நாலணா' என்றும் 50 பைசாவை 'எட்டணா' என்றும் தொடர்ந்து சொல்லிவந்தார்கள். ஒரே பொருளுக்குப் பழைய பெயரும் செல்லும் என்று ஏற்பதற்கு 'அலையஸ்' என்று பெயர். 2009-இல் டக் கட்டிங் என்பாரின் முயற்சியால் வெளிவந்த 'அவ்ரோ' என்னும் முறை இதனைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. அம்முறையில் கட்டங்களுக்கு எண் கிடையாது. எழுதியவனின் படிவமும் படிப்பவனின் படிவமும் இரண்டுமே கையில் இருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, பெயரால் பொருத்திப் பார்ப்பர். எழுதியவனிடம் இருந்து படிப்பவனிடம் இல்லாத கட்டம் தள்ளப்படும். படிப்பவனிடம் இருந்து எழுதியவனிடம் இல்லாத கட்டத்துக்கு, படிவத்தில் முன்னரே குறித்த இயல்பு மதிப்பு இடப்படும். அப்படி ஒரு மதிப்பு குறிக்கப்படாவிட்டால் படிப்பே நின்றுவிடும்.

கட்டாயக் கட்டம்

நிற்க. இதுவரை கண்டவை பொறியைப் பற்றியவை. இனிக் காணப்போவது மனிதரைத் தொடுவது.

புரோட்டோகால் பஃபர்ஸின் முற்பதிப்பில் ஒரு கட்டத்தைக் 'கட்டாயம்' என்று குறிக்கலாம். அக்கட்டம் வெறுமையாக வந்தால் சீட்டு முழுவதும் செல்லாது. தொடக்கத்தில் இது நல்ல ஒழுங்காகத் தோன்றியது. நாளடைவில் தொல்லை தெரிந்தது. ஒருமுறை கட்டாயமாக்கிய கட்டத்தைப் பிறகு தளர்த்தினால், தளர்த்திய செய்தி எட்டாத பழைய நிரல் ஒவ்வொன்றும் புதுச் சீட்டுகளைத் தூக்கி எறியும். 2016-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் கட்டாயக் கட்டம் என்பதையே எடுத்துவிட்டார்கள்.

என் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மூணாற்று மலைத்தோட்டத்துக்கு வந்தவர்கள். நான் பிறந்தது லயத்தில். வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்று எங்கள் வீடு. அதற்கு எண் உண்டு, பெயர் இல்லை. கேரளத்துப் படிவங்களிலோ வீட்டுப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். மலையாள நண்பர்களுக்கு அது பரம்பரைச் செல்வம், எங்களுக்கு வெற்றிடம். ஓர் அலுவலகத்தில் அக்கட்டம் வெறுமையாக இருந்தால் மனுவை ஏற்க மாட்டோம் என்றார்கள். என் தந்தையார் 'லயம்' என்றே எழுதிக் கொடுத்தார். வேறோரிடத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்றார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? தந்தையார் பெயரே அவ்விடத்தில் ஏறியது. இன்று என் பெயர் ஒரு தாளில் முதலெழுத்தோடும், ஒரு தாளில் தந்தை பெயர் பின்னொட்டியும், ஒரு தாளில் தந்தை பெயரே முன்னேறியும் நிற்கிறது. மூவரும் நானே என்று மெய்ப்பிக்க நான்காவதாக ஒரு தாள் வாங்க வேண்டியிருந்தது. எழுதுவோனிடம் இல்லாத ஒன்றைக் கட்டாயம் என்று கேட்டால் அவன் எதையேனும் எழுதத்தான் செய்வான். கட்டம் நிரம்பிவிடும், பொருள் கெட்டுவிடும்.

அப்படியாயின் கட்டாயத்தை எடுத்துவிட்டு இயல்பு மதிப்பை வைத்தால் போதுமா? அங்கும் எச்சரிக்கை வேண்டும். மூன்றாம் பதிப்பில் எண் கட்டம் வெறுமையாயின் 0 என்று படிக்கப்படும். 'மாரி இன்று 0 கிலோ பறித்தாள்' என்பதும் 'மாரியின் கொழுந்து நிறுக்கப்படவில்லை' என்பதும் ஒன்றாகுமா? முதலதற்குக் கூலி இல்லை. இரண்டாவதற்கு நிறுத்துக் கொடுக்க வேண்டிய கடமை உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியும் வசதி 2021-இல் 3.15 என்னும் வெளியீட்டில் முறையாகத் திரும்பி வந்தது.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். ஒரு பழைய பதிவேட்டில் தாய்மொழிக் கட்டமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். புதிதாக அதனைச் சேர்க்கிறவர் இயல்பு மதிப்பாக 'மலையாளம்' என்று குறித்துவிட்டால், தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் சித்தூரிலும் உள்ள பழைய தமிழ்ப் பதிவுகள் அத்தனையும் ஒரே நொடியில் மொழி மாறிவிடும். தீய நோக்கம் எவருக்கும் இராது. ஒரு வரி நிரல் செய்த வேலை. கேரளத்து 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுக்கு எழுதும் உரிமையைத் தந்திருக்கிறது. பதிவேட்டில் தமிழரே இல்லாவிடின் அவ்வுரிமையை யார் பெயரால் கேட்பது? ஆகவே 'தெரியவில்லை' என்பதே நேர்மையான இயல்பு மதிப்பு.

ஒரே தோற்றம், இருவேறு கோவை

இனி எழுத்துக்குறிகளுக்கே உரிய சிக்கல் ஒன்று. மலையாளத்தில் உயிரேறா மெய்கள் சிலவற்றுக்குத் தனி வடிவம் உண்டு. அவற்றைச் 'சில்லு' என்பர். ன், ண், ர், ல், ள் முதலியன சொல்லிறுதியில் இவ்வடிவில் வரும். முருகன், செல்வன், வேல், சுந்தர் என்று நம்மவர் பெயர்கள் பெரும்பாலும் முடிவது இம்மெய்களில்தானே? ஆகவே எல்லைத் தமிழர் பெயரை மலையாளத்தில் எழுதினால் கடைசியில் ஒரு சில்லு வந்து நிற்பது மிகவும் பொது.

யூனிகோடு முறையில் தொடக்கத்தில் சில்லுக்குத் தனி எண் இல்லை. மெய்யெழுத்து, அதன்மேல் சந்திரக்கலை, அதன்பின் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி ஆகிய மூன்றையும் சேர்த்துச் சில்லு ஆக்கினார்கள். 2008-இல் வந்த 5.1 பதிப்பில் ஆறு சில்லுகளுக்குத் தனித்தனி எண் கிடைத்தது. அன்றுமுதல் அவ்வெழுத்துக்கு இரண்டு கோவைகள்: பழையது மூன்று குறி, புதியது ஒரு குறி. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் இரண்டும் சமம் என்று யூனிகோடு தன் சமன்பாட்டு விதிகளில் சேர்க்கவில்லை. ஆகவே பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் நிரலுக்கு, 2007-இல் பதிந்த முருகனும் 2010-இல் பதிந்த முருகனும் வெவ்வேறு ஆட்கள்.

இது மலையாளத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2005-இல் வந்த 4.1 பதிப்பில் தமிழுக்கு 'ஶ' என்னும் எழுத்துச் சேர்ந்தது. அதற்கு முன் 'ஸ்ரீ' என்பதை 'ஸ'-வை முதலாக வைத்து எழுதினர்; பின்பு 'ஶ'-வை முதலாக வைப்பதே முறை என்றாயிற்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். தேடினாலோ ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது.

தவறான ஏற்பாட்டை அடியோடு அழித்து மறுபடி எழுதினால் என்ன என்று சிலர் கேட்கலாம். யூனிகோடு மன்றம் அதற்கு இடங்கொடுப்பதில்லை. ஒருமுறை எண் பெற்ற குறியை நகர்த்துவதில்லை, நீக்குவதில்லை, அதன் பெயரைக்கூட மாற்றுவதில்லை என்பது அவர்களின் நிலைபேற்று விதி. நம் ஆய்த எழுத்துக்கு அப்பட்டியலில் இன்றும் 'விசர்க்கம்' என்பதே அதிகாரப் பெயர். ஆய்தம் என்பது பக்கத்தில் குறிப்பாக மட்டும் இருக்கிறது. இதைக் கண்டு தமிழன்பர் பலர் வருந்துவர், எனக்கும் உவப்பில்லை. எனினும் விதியின் நியாயத்தை மறுக்க இயலாது. யூனிகோடுக்கு முன் எழுத்துருவுக்கு ஒரு முறை, நிறுவனத்துக்கு ஒரு முறை என்று இருந்த நாளில், ஒரு கோப்பு எந்த முறையில் எழுதப்பட்டது என்ற குறிப்பு இல்லையேல் அதன் தமிழ் முழுதும் கிறுக்கலாய்ப் போகும். அந்நிலைக்குத் திரும்ப எவரும் விரும்பார்.

ஆயின் இரு முருகன்களையும் எங்ஙனம் ஒன்றாக்குவது? வழி உண்டு. ஒப்பிடும்போது பழைய மூன்று குறியைக் கண்டால் புதிய ஒரு குறியாகக் கருதிக்கொள்ளும்படி நிரலுக்குச் சொல்ல வேண்டும். ஒப்பிடுவதற்கு மட்டுமே இம்மாற்றம். மூலத் தாளில் கைவைக்கலாகாது. மூலம் கெடாமல் இருந்தால்தான் நாளை வேறொரு விதி வந்தாலும் திரும்பிப் பார்க்க முடியும்.

யார் முதலில் மாறுவது?

பல அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசும் அமைப்பில் இக்கேள்வி முதன்மையானது. விடையைப் பொருத்தத்தின் வகையே சொல்லிவிடும். பின்னோக்கிய பொருத்தம் மட்டும் இருந்தால் படிப்போர் முதலில் மாற வேண்டும். அவர்கள் பழையதையும் புதியதையும் படிக்க வல்லவராதலின் எழுதுவோர் பிறகு ஆறுதலாக மாறலாம். முன்னோக்கிய பொருத்தம் மட்டும் இருந்தால் எழுதுவோர் முதலில் மாறலாம். இரண்டும் இருந்தால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

இடையில் நின்று வாங்கிக் கொடுக்கும் அலுவலகத்தையும் மறக்கலாகாது. தனக்குத் தெரியாத கட்டத்தை அது தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் நகலெடுத்து மேலே அனுப்பினால், தோட்டத்தில் எழுதியது தலைநகரை அடையாது. மூன்றாம் பதிப்புப் புரோட்டோகால் பஃபர்ஸ் தொடக்கத்தில் அப்படித்தான் தள்ளிவிட்டது, 2017-இல் 3.5 வெளியீட்டில், தெரியாத கட்டங்களையும் பத்திரமாக வைத்திருந்து அப்படியே மேலே அனுப்பும்படி திருத்தினார்கள். எனக்கு விளங்காதது எனக்குப் பின் வருபவனுக்கு விளங்கலாம் என்ற அடக்கம் இடைநிற்பவனுக்கு வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

நம் பகுதி படிவ மாற்றத்தின் விளைநிலம் எனலாம். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டம். அதன் பக்கத்துச் சித்தூர் திருவிதாங்கூர்-கொச்சி. இன்று இரண்டும் ஒரே மாவட்டம். தேவிகுளமும் பீர்மேடும் கோட்டயம் மாவட்டத்திலிருந்து 1972 ஜனவரி 26-இல் இடுக்கிக்கு வந்தன. பாட்டனார் தாளில் கோட்டயம், தந்தையார் தாளில் இடுக்கி. வீடு நகரவே இல்லை. இத்தகைய தாள்களைத்தான் இப்போது ஒவ்வொன்றாகப் பொறியில் ஏற்றி வருகிறார்கள்.

நம்மில் சிலர் நாளை இப்படிவங்களை வகுக்கும் வேலைக்கே போவோம். போகும்போது நான்கு கேள்விகளை உடன்கொண்டு செல்வோம். இக்கட்டத்தைக் கட்டாயமாக்கினால் எவரிடம் இதற்கு விடை இல்லாமற்போகும்? இது வெறுமையாக வந்தால் நான் யார் சார்பில் என்ன சொல்லிவிடுகிறேன்? பழைய எண்ணை எதற்கேனும் மறுபடி பயன்படுத்துகிறேனா? எனக்குத் தெரியாததைத் தள்ளிவிடுகிறேனா, காப்பாற்றி அனுப்புகிறேனா?

வேலைக்குப் போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இவ்விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள் தத்தம் வீட்டிலுள்ள பழைய தாள்களை எடுத்து, பெயர், ஊர், மாவட்டம் எந்தெந்த ஆண்டில் எவ்வெவ்வாறு எழுதப்பட்டன என்று ஒரு பட்டியல் ஆக்கி வைப்பார்களாக. எழுத்துக்கூட்டலைத் திருத்த வேண்டாம், உள்ளபடியே எழுதுங்கள். லயத்து எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பொறியில் ஏறிய பதிவோடு முரண்பாடு நேரும் அன்று, அப்பட்டியல் நம் பெற்றோருக்குப் பத்து நாள் அலைச்சலை மிச்சமாக்கும்.